கையில் மிஞ்சும் சீட்டு: செகிகஹாரா ஆட்டம் குறித்து ஓர் அலசல்

மாட் கால்கின்ஸ் வடிவமைத்து, அமெரிக்காவின் ஜிஎம்டி கேம்ஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'செகிகஹாரா' என்னும் மேசைப் போர் விளையாட்டில் பகடையே கிடையாது. ஜப்பானின் ஆட்சி யாருக்கு என்பதைத் தீர்மானித்த 1600ஆம் ஆண்டுப் போரின் ஏழு வாரங்களை வரைபடப் பலகையில் நிகழ்த்தும் இவ்விருவர் ஆட்டத்தில், ஒருவர் தொக்குகாவா இயேயாசுவின் கிழக்கணியையும் மற்றவர் இஷிதா மிட்சுனாரியின் மேற்கணியையும் நடத்துகின்றனர். வெற்றி தோல்வியோ பெரும்பாலும் அவர்களின் கைச்சீட்டுகளைச் சார்ந்தே அமைகிறது.

படைப்பிரிவைக் குறிக்கும் ஒவ்வொரு மரக்கட்டையிலும் ஒரு டைமியோவின், அதாவது தனக்கென நிலமும் படையும் கொண்டிருந்த பிரபுவின், குலச்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சின்னம் உள்ள சீட்டை இறக்கினாலன்றி அக்கட்டை போரிடாது என்பதால், பெரும்படை திரண்டு நின்றும் பொருந்தும் சீட்டில்லாமல் அதில் பாதி அசையாதிருப்பது இவ்வாட்டத்தில் அடிக்கடி நேர்வது. வரலாற்றிலும் அதுவே நேர்ந்தது: செகிகஹாராவில் போர் நடந்த 1600 அக்டோபர் 21 அன்று நாங்கு மலையில் முகாமிட்டிருந்த மேற்கணியின் மோரி ஹிதேமோட்டோவின் படை, முன்னணியில் நின்ற கிக்காவா ஹிரோயே வழிவிடாததால் மாலைவரை களமிறங்கவே இல்லை.

ஆட்டத்தின் உயிர்நிலை 'விசுவாசச் சோதனை' என்னும் சீட்டில் இருக்கிறது. ஒருவர் ஒரு கட்டையைப் போரில் இறக்கியதும் எதிராளி இச்சீட்டை வைத்துச் சவால் விடலாம். அப்போது அதே குலச்சின்னம் உள்ள இன்னொரு சீட்டைக் கையிலிருந்து காட்ட முடியாவிட்டால், அக்கட்டை அந்தப் போரில் எதிரணிக்காகச் சண்டையிடும். ஒரே குலத்தின் கட்டைகள் அடுத்தடுத்து இறங்கும்போது தாக்கம் கூடுகிறது. ஏழு தாக்கப் புள்ளிகளுக்கு எதிராளி ஒரு கட்டையை இழக்கிறார். ஆகவே கையில் ஒரே குலத்தின் சீட்டுகள் இரண்டு இருக்கும்போது, இரண்டையும் இறக்கி அடியை வலுப்படுத்துவதா, ஒன்றை இறக்கி மற்றதைக் காப்பாக வைப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு மோதலிலும் எழுகிறது. புதிதாக ஆடுவோர் தோற்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். கடைசிச் சீட்டுவரை இறக்கிவிட்டு வெறுங்கையோடு நிற்பவரின் படையில் எந்தக் குலமும் நம்பத்தக்கதன்று.

படைகளை நகர்த்தவும் சீட்டே செலவாகிறது. ஆனால் போரில் இறக்கிய சீட்டுகளுக்கு ஈடாகப் புதியவை கிடைக்கின்றன. எனவே நெடுந்தொலைவு அணிவகுத்து, சோர்ந்த கையோடு மோதுவதைவிட, பொருந்தாத சீட்டுகளை நடைக்குச் செலவிட்டு, ஒரே குலத்தின் சீட்டுகள் சேர்ந்த பிறகு மோதுவதே தேர்ந்த ஆட்டம்.

விசுவாசச் சோதனை விதிக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. மேற்கணியில் நின்ற கொபயகாவா ஹிதேயாகி செகிகஹாராவில் ஏறத்தாழ 15,000 வீரர்களுடன் மட்சுவோ மலையிலிருந்து இறங்கித் தன் அணியையே தாக்கியது தற்செயலன்று. கிழக்கணியின் குரோதா நாகமாசா வழியாக முன்கூட்டியே பேச்சு நடந்திருந்தது. அன்று களத்தில் அணிமாறிய பெரும்பிரபு எவரும் கிழக்கணியில் இல்லாதிருக்க, ஆட்டமோ இரு தரப்பையும் ஒரே ஐயத்தில் வைக்கிறது. ஆயினும் இதில் ஆட்டத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. அதுவரை ஆண்ட தொயோதோமி குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்து கிழக்கணியில் சேர்ந்த ஃபுகுஷிமா மசனோரி முதலியோர் கிஃபு கோட்டையைக் கைப்பற்றித் தம் பற்றை மெய்ப்பிக்கும்வரை இயேயாசு எடோவை விட்டுப் புறப்படவில்லை என்பதால், அவருடைய மனத்திலும் அந்த ஐயம் இருந்தது தெளிவு.

மேற்கணியை ஆடுபவர் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது அவ்வணியின் பிரபுவான ஓதானி யோஷிட்சுகுவின் நிலை. ஹிதேயாகி மாறக்கூடும் என்று முன்னறிந்த அவர், அதற்கெனப் படையை ஒதுக்கிவைத்து முதல் பாய்ச்சலைத் தடுத்தும் நிறுத்தினார். ஆனால் அருகே நின்ற வகிசாகா யசுஹாரு உள்ளிட்ட நான்கு பிரபுக்கள் அடுத்தடுத்து அணிமாறியபோது, அவர்களுக்கு எதிரே நிறுத்த அவரிடம் வேறு படை இல்லை.