கேள்வி கேட்காத வாத்தியார்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. வாசகர் எந்த வரியில் கொட்டாவி விட்டார் என்பது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அந்தக் குறை இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே சொன்னதைத் திருப்பிச் சொல்வார். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 150 கோடி மாணவர்கள் வீட்டில் முடங்கினார்கள். அதே மாதம் யுனெஸ்கோ, அரசுகளையும் நிறுவனங்களையும் சேர்த்து உலகக் கல்விக் கூட்டணி ஒன்றை அமைத்தது. நல்ல காரியந்தான். ஆனால், பாடத்தை வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்பதே எங்கும் பெரிய பேச்சாக இருந்தது. இங்கே 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. பாடங்கள் தெளிவாகவே இருந்தன. அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் சிவகாசி வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல. பிள்ளையை வேலைக்குப் போகவிடாமல் மறிக்கும் சுவரும் அதுதான். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. விருதுநகரில் பிறந்த காமராஜர் பள்ளியில் சோறு போட்டதும் பிள்ளையை உள்ளே இருத்தத்தானே? கூலிக்குப் பட்டாசுக் குழாய் சுருட்டுகிற வீட்டில், பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் பெட்டி, "ஏன் எழுந்து போனாய்?" என்று பிள்ளையைக் கேட்குமா?

2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வி அந்தக் கேள்வியைக் கேட்டது. தெருவிலுள்ள அக்கா ஒருத்தி மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். இந்தியப் பொருளாதார அறிஞர்களும் வெளிநாட்டாரும் சேர்ந்து தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்ததாம். மிச்சத்துக்குப் பள்ளிக்கூடமே பெரும் காரணம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் எதிரே ஒரு மனித முகம் இருந்தது.

நாடுகள் கூடி அளந்து சொன்ன இந்த உண்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்னொரு முறை பள்ளியை மூட நேர்ந்தால், பெட்டிக்கு ஆகிற செலவைக் கணக்கிடும்போது அந்த அக்காவின் சம்பளத்தையும் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளட்டும்.