அண்ணாவியாரும் பாடவிதானமும்: கலைக்கல்வியின் சமூக அடித்தளம் பற்றிச் சில குறிப்புக்கள்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு எழுதப்படும் போதெல்லாம் பேராதனைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகிற் பெரும் மாற்றத்தைத் தோற்றுவித்தது என்பதும், அதனை அடுத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1967) ஆகியவற்றை அளித்தார் என்பதும் அவ்வதிகாரத்தின் சாரம். இவ்வரலாற்றினை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதனை எழுதிய முறையிலே ஒரு வினா கேட்கப்படாமலே விடப்பட்டுள்ளது: இந்த மேடையேற்றங்களுக்கு ஆட்டமும் பாட்டும் தாளக்கட்டும் கற்பித்தவர்கள் அதன் பின்னர் என்னவானார்கள்?

இவ்வினா நாடக வரலாற்றுக்குப் புறம்பானதெனச் சிலர் கருதக்கூடும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘பின்தங்கிய மக்களுக்குக் கலைக்கல்வியைக் கொண்டு செல்லுதல்’ என்ற தொடர் இன்று அரசாங்கத் திணைக்களங்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பினராலும் ஒரே தொனியிற் பேசப்படுகின்றது. கொண்டு செல்பவர் ஒருவர், பெற்றுக்கொள்பவர் ஒருவர், இடையிலே கலை என்னும் பொருள் ஒன்று: அத்தொடரின் உள்ளே அமைந்திருக்கும் உறவு இதுவே. கூத்தின் வரலாறோ இவ்வுறவு தலைகீழாகவும் இயங்கியமைக்குச் சான்றாக உள்ளது. அறுபதுகளிலே கலையை உடையவராக இருந்தவர் கிராமத்து அண்ணாவியார். பெற்றுக்கொண்டது பல்கலைக்கழகம்.

மட்டக்களப்புக் கிராமங்களிற் கூத்து எவ்வாறு பயிலப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். சி. மௌனகுருவின் ஆய்வுகள் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஊர் கூடிக் கூத்தைத் தெரிவு செய்யும். அண்ணாவியார் குரலும் உடலும் நோக்கி ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரத்தை வழங்குவார், இதுவே சட்டங்கொடுத்தல். பின்னர் இரவிரவாகப் பழக்கம். கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக முன்னேறி வட்டக்களரியில் அரங்கேற்றம். அதன் பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுதல். மாதக்கணக்கில் நீளும் இச்செயன்முறையை வெறும் ஒத்திகை எனக் கொள்வது பெருந் தவறு. எழுத்தறிவு குறைந்த ஓர் உழவர் சமூகம் தன் இளைஞருக்கு மொழியையும் இசையையும் புராண இதிகாச அறிவையும் உடற்பயிற்சியையும் ஒருசேரக் கற்பித்த கல்வி நிறுவனம் அது. அதற்குக் கட்டடம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஆனாற் பாடத்திட்டம் இருந்தது, படிநிலை இருந்தது, ஊரார் முன்னிலையிற் பரீட்சையும் இருந்தது.

அந்நிறுவனத்தைத் தாங்கி நின்ற பொருளாதாரம் யாது? நெல் வேளாண்மையும் போடியார் முறைமையும் சார்ந்த உறவுகளே. அறுவடைக்குப் பிந்திய ஓய்வுக்காலம் பழக்கத்துக்கு நேரமளித்தது. உடுப்புச் செலவைக் கூத்தர் தாமே ஏற்றனர். அண்ணாவியாருக்குப் பணமும் நெல்லும் வேட்டி சால்வையும் ஊரிலிருந்து கிடைத்தன. இதனைப் பொற்காலமென நாம் வருணிக்க முற்படவில்லை. அரச வேடங்கள் செல்வாக்குடைய குடும்பத்தாரை நாடிச் செல்வதும், சாதிப்படிநிலை களரிக்குள்ளும் தொடர்வதும், பெண்கள் ஆடுவோராக அன்றிப் பார்ப்போராக மாத்திரம் இருத்தப்படுவதும் அந்த அமைப்பின் இயல்புகளே. எனினும் கலைஞனின் உழைப்புக்கு ஒரு கைம்மாறு உண்டென்பதை அந்த அமைப்பு ஏற்றிருந்தது. உழவு இயந்திரமும் பணப்பொருளாதாரமும் வந்து போடியாரின் புரவலர் நிலையைத் தளர்த்தியபோது அக்கைம்மாறும் தளர்ந்தது. 1983இன் பின்னர் யுத்தம் இரவையே ஊரிடமிருந்து பறித்துக்கொண்டது. இரவு இல்லையேற் கூத்தும் இல்லை.

பேராதனையின் பணி இவ்விடத்திலேதான் மதிப்பிடப்படல் வேண்டும். அதனைக் குறைத்துக் கூறுவோர் சிலர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து வித்தியானந்தன் அவர்கள் கிராமங்களுக்குச் சென்றார், போட்டிகள் நடத்தினார், அண்ணாவிமாரை மாநாடுகளிற் கூட்டிக் கௌரவித்தார், ‘அலங்காரரூபன் நாடகம்’ (1962), ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ (1964) போன்ற பிரதிகளைப் பதிப்பித்து அச்சேற்றினார். கூத்து ‘பாமரர் ஆட்டம்’ என ஏளனஞ் செய்யப்பட்ட காலத்திலே இது துணிச்சலான செயல். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகத்தை எட்டிய மட்டக்களப்பு மாணவர் சிலர் தம் ஊர்க்கலையை வெட்கமின்றி அங்கு ஆட முடிந்ததும் இதனாலேயே. ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மௌனகுரு அத்தகைய மாணவர்களுள் ஒருவர்.

ஆயினும் எடுத்துக்கொள்ளப்பட்டது எது, விடப்பட்டது எது என்பதையும் கூறல் வேண்டும். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்ட அளிக்கையாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இவை கலை நியாயங் கொண்ட மாற்றங்கள். இவற்றைப் பழிப்பதிற் பயனில்லை. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. ‘நெறியாள்கை’ என்ற பதவி இம்மாற்றத்தோடு தோன்றியது. கூத்தின் முழுமையையும் தன்னகத்தே கொண்டிருந்த அண்ணாவியார் இப்புதிய உழைப்புப் பிரிவினையிலே ஆட்டப் பயிற்சியாளராக, மத்தளக்காரராகக் குறைக்கப்பட்டார். கருத்து ஒருவருக்கும் கைத்திறன் இன்னொருவருக்கும் உரியனவாயின. மூளை உழைப்பும் உடல் உழைப்பும் பிளவுறும் முதலாளித்துவப் பொதுப்போக்கு ஒரு நாடக ஒத்திகைக்குள்ளே நிகழ்ந்தமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. சிங்கள அரங்கிலும் நிலை இதுவே. ‘மனமே’யின் நாடகம மரபு சார்ந்த ஆக்கத்துக்குத் துணைநின்ற சார்ள்ஸ் சில்வா குருன்னான்சேயின் பெயரை ஆய்வாளருக்கு வெளியே எத்தனை பேர் அறிவர்?

முற்போக்காளராகிய எம்மவர் இப்பிரச்சினையை எதிர்கொண்ட முறையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1942ஆம் ஆண்டு யெனான் கருத்தரங்கிற் பேசப்பட்ட பரவலாக்கலும் தரமுயர்த்தலும் பற்றிய விவாதத்தை எம்மிற் பலர் நன்கு கற்றோம். ‘சங்காரம்’ (1969), ‘கந்தன் கருணை’ போன்றவை கூத்து வடிவத்தினூடே வர்க்க முரண்பாட்டையும் ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் பேசமுடியும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. ஆனால் வடிவத்தை மக்களிடமிருந்து பெற்று உள்ளடக்கத்தை நாம் இட்டு மக்களுக்கே திருப்பியளித்தல் என்ற அளவிலே எம் சிந்தனை நின்றுவிட்டது. அவ்வடிவத்தைக் கையளிப்பவன் எவ்வாறு வாழ்கிறான் என்பது எமது அழகியலின் பகுதியாகக் கொள்ளப்படவில்லை. கலைஞனையும் உற்பத்தியாளனாகக் காணும் மார்க்ஸியத்துக்கு இது சிறிய குறைபாடன்று.

பாடசாலைக்கு வருவோம். இன்று அழகியற் பாடங்களாகச் சித்திரமும் சங்கீதமும் நடனமும் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கப்படுகின்றன. நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்புப் பாடமாகவும் பல்கலைக்கழகப் பாடமாகவும் வளர்ந்துள்ளது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி முதலானவற்றின் நீண்ட உழைப்பின் பயன் இது. எனினும் கூத்து இங்கே ‘அலகு’ ஆகியுள்ளது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் இடையிலான வேறுபாடுகளை அட்டவணையாக எழுதிப் புள்ளி பெறும் மாணவன் ஒரு தாளக்கட்டுக்கேனும் காலெடுத்து ஆடியிருக்க வேண்டியதில்லை. சங்கீதமும் நடனமும் என்னும்போதோ கர்நாடக இசையும் பரதமுமே பெருமளவு கருதப்படுகின்றன. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்துக்கு வழங்கிய ஒழுங்கமைந்த சான்றிதழ் வழி கூத்துக்கு இருக்கவில்லை. சான்றிதழ் உள்ள கலை ஆசிரியர் நியமனமாக மாறியது. சான்றிதழற்ற கலை பொன்னாடையாக மாறியது.

பொன்னாடை பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்வி நிறுவனத்திலே நடைபெற்ற கூத்துப் பயிற்சிப் பட்டறையில் நாமும் பங்குகொண்டோம். எழுபது வயதைக் கடந்த அண்ணாவியார் ஒருவர் பத்து நாட்கள் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். கொடுப்பனவுப் படிவத்திற் ‘கல்வித் தகைமை’ என்ற கூடு வெறுமையாக இருந்தமையால், விரிவுரையாளருக்கு உரிய மணித்தியாலக் கட்டணம் அவருக்குப் பொருந்தாது என்றும் உதவியாளருக்கு உரியதே பொருந்தும் என்றும் கூறப்பட்டது. அவருடைய ஆட்டத்தைக் குறிப்பெடுத்து விளக்கவுரை நிகழ்த்திய எமக்கு முழுக்கட்டணமும் கிடைத்தது. நிறைவுநாளில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. போர்த்தியவர்களுள் நாமும் ஒருவர்.

அரசின் கலாபூஷண விருதும் இவ்வகைச் சிந்தனையின் எல்லைக்குள்ளேயே அமைகின்றது. அறுபது வயதைக் கடந்த கலைஞருக்கு அது வழங்கப்படுகின்றது. அதாவது கற்பிக்கும் வலுவும் ஆடும் வலுவும் மிக்கிருந்த காலத்திலே கலைஞன் வேளாண்மையாலோ கூலியாலோ தச்சுவேலையாலோ வாழ்ந்துகொள்ளட்டும். முதுமையில் அவனை நினைவுகூர்வோம் என்பதே இதன் பொருள். கௌரவத்தை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அது ஊதியத்தின் இடத்தை நிரப்புவதையே சொல்கின்றோம்.

மலையகத்தை நோக்குமிடத்து நிலைமை இன்னும் கூர்மையடைகிறது. மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து, ஒரு தோட்டத்து லயங்கள் யாவும் பங்குபற்றும் பல நாட் சடங்கரங்கு. காமனும் ரதியும் தோன்றுவதும், சிவனின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிவதும், ரதி புலம்புவதும், காமன் மீள எழுவதும் தோட்ட மக்கள் தமக்குத் தாமே நடத்தும் நிகழ்வுகள். இச்சமூகத்தைக் ‘கலைக்கல்வி எட்டாத சமூகம்’ என எவ்வாறு அழைப்பது? எட்டாதது பாடசாலையின் கலைக்கல்வியே. ஆசிரியர் இல்லாமையால் அழகியற் பாடத் தெரிவு பெயரளவிலேயே நிற்கும் தோட்டப் பாடசாலைகள் உண்டு. அதே தோட்டத்து லயத்தில் இருக்கும் கூத்து வாத்தியாரோ பாடசாலை வாசலை மிதிப்பதில்லை. தப்பின் வரலாறும் இங்கு சிந்திக்கத்தக்கது. கம்பனிக் காலத்திலே தொழிலாளரை அதிகாலையில் வேலைக்கு அழைத்தது பிரட்டுத் தப்பு. துரைமாரின் கடிகாரமாக ஒலித்த அதே கருவிதான் காமன் பொட்டலிலும் தொழிலாளியின் சொந்த இரவுக்குரிய கருவியாக ஒலித்தது. உழைப்பு நேரத்துக்கும் மனித நேரத்துக்கும் இடையிலான போராட்டம் ஒரு தோற்கருவிக்குள்ளே நிகழ்ந்தது எனலாம்.

இவ்விடத்தில் எமது வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்றுக்கு முகங்கொடுத்தாக வேண்டும். கலைஞனை அவன் சமூகத்திலேயே வைத்துப் பேணுதல் என்பது அவனை அவனது சாதிக்குள்ளேயே வைத்துப் பேணுதல் ஆகாதா? பறையின் வரலாறு இக்கேள்வியை இலகுவில் ஒதுக்கிவிட விடாது. பறையடித்தல் சாதிக் கடமையாகத் திணிக்கப்பட்டது. அறுபதுகளின் சாதி எதிர்ப்புப் போராட்டச் சூழலிலே பறையைக் கீழே வைத்தமை ஒரு விடுதலைச் செயல். அவர்களை நோக்கி ‘உங்கள் கலை அழிகிறதே’ என அங்கலாய்க்கும் பண்பாட்டு ஆர்வலர், தம் பிள்ளையைப் பறை பழக அனுப்புவாரா என நாம் கேட்டதுண்டு. விடை கிடைத்ததில்லை.

இவ்வாட்சேபத்துக்கு எமக்குத் தெரிந்த விடை, பேணுதல் என்ற சொல்லையே கைவிடுவதாகும். பிறப்பின் கடனாக இருந்ததைக் கூலிபெறும் தொழிலாகவும், விரும்பிய எவரும் கற்கத்தக்க பாடமாகவும் மாற்றும்போதுதான் கலை சாதியிலிருந்து பிரிகின்றது. மட்டக்களப்பிலே 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தோரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு இத்திசையிற் குறிப்பிடத்தக்க முயற்சி. கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செல்லாது ஊரிலேயே, ஊரவரோடும் அண்ணாவியாரோடும் உரையாடி, அதன் சாதி, பால் நோக்குகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியமை அதன் சிறப்பு. அண்மைக் காலத்திற் பெண்கள் களரியேறி ஆடுவதும் அண்ணாவிமார் அவர்களுக்குப் பழக்குவதும் இத்தகைய உரையாடல்களின் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. இம்முயற்சியிலும் எமக்கு ஐயங்கள் உண்டு. உரையாடலாற் கருத்துநிலையை மாற்றலாம்; அண்ணாவியாரின் அடுப்பை எரியச் செய்வது எது என்ற வினா அங்கும் முழுமையாக விடைபெறவில்லை. தொண்டு நிறுவனங்களின் நிதியோ இதற்கு மாற்றாகாது. செயற்றிட்டம் ஓராண்டில் முடியும். ஒரு கூத்தன் உருவாகப் பத்தாண்டு செல்லும்.

ஆகவே கோரிக்கையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்தே தொடங்குவது முறை, கடன்பட்டவர்கள் நாமே. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அண்ணாவிமாரையும் மலையகக் கூத்து வாத்தியார்களையும் வருகைதரு விரிவுரையாளராக, பட்டத்தைக் கேளாது, அனுபவ ஆண்டுகளைத் தகைமையாகக் கொண்டு, சம கட்டணத்தில் நியமிக்கலாம். பட்டப்படிப்பின் செய்முறைப் பயிற்சியில் ஒரு பகுதியை மாணவர் கிராமத்துக் களரியில், அவ்வூரின் பழக்கக் காலத்தில், அண்ணாவியாரின் கீழ் நிறைவு செய்யும்படி விதிக்கலாம். புள்ளியிடும் உரிமையும் அவருக்கே இருத்தல் வேண்டும். ஆய்வாளர் ஒளிப்பதிவு செய்யும் கூத்துக்கு உரிமைத்தொகை வழங்குவதை ஆய்வு நெறியின் விதியாக்கலாம். பாடசாலைகளைப் பொறுத்தவரை, கல்வித் திணைக்களம் ஆசிரியர் இல்லையெனக் கைவிரிக்கும் தோட்டப் பாடசாலைகளிலே மாசி மாதத்து அழகியற் பாடவேளைகளைக் காமன் பொட்டலுக்கு மாற்றி, கூத்து வாத்தியாருக்கு அந்நாட்களின் கைக்காசுக் கூலிக்குக் குறையாத தொகையைப் பாடசாலையே வழங்குதல் சாத்தியமானது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வரவுசெலவுப் பதிவேட்டில் ஒரு தலைப்பு மாத்திரமே தேவை. பட்டறைகளுக்கு நாம் அனுப்பும் கொடுப்பனவுப் படிவத்திலிருந்து அந்த வெறுமையான கூட்டை நீக்குவதற்கோ அதுவும் தேவையில்லை.