இரண்டு தோல்வி, ஒரு பட்டம்

2007 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எல்.எஸ்.யு., வென்ற பட்டத்தை 'அதிர்ஷ்டத்தில் வந்தது' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதிர்ஷ்டமே இல்லை என்று நானும் வாதாடப் போவதில்லை. அந்த சீசனே தலைகீழாக ஆரம்பித்தது. முதல் சனிக்கிழமையே, 5-ஆம் இடத்திலிருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என்று சாய்த்தது அப்பலாச்சியன் ஸ்டேட். அது அப்போது ஆடியதோ ஒரு படி கீழே உள்ள பிரிவில்! அக்டோபர் 6 அன்று யு.எஸ்.சி. 41 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றது பந்தயச் சந்தை. ஆனால் அந்த அணி ஸ்டான்ஃபோர்டிடம் 24-23 என்று தோற்றது.

அதே இரவு எல்.எஸ்.யு.வின் சொந்த ஊரான பேட்டன் ரூஜில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். நடப்புச் சாம்பியன் ஃப்ளோரிடாவுடன் எல்.எஸ்.யு. மோதியது. நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பது விதி. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை உதைத்து அனுப்பிவிடுவதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். தவறினால் எதிரணிக்கு அங்கேயே பந்து போய்விடும். எல்.எஸ்.யு. பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் அன்று ஐந்து முறை துணிந்தார், ஐந்தும் பலித்தது. பின்தங்கியிருந்த கடைசிக் கட்டத்தில் ஜேக்கப் ஹெஸ்டர் கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து முட்டி மோதி, நிமிடத்துக்குச் சற்று மேல் மீதமிருக்கையில் டச்டவுன் போட்டார். 28-24.

இரண்டு வாரம் கழித்து ஆபர்ன் ஆட்டத்தில், பந்தை உதைத்துப் புள்ளி பெறும் ஃபீல்ட் கோல் எட்டும் தூரத்தில் இருந்தும் மைல்ஸ் அதை நாடவில்லை. மேட் ஃப்ளின் வீசிய பந்தை டிமிட்ரியஸ் பேர்ட் பிடித்து டச்டவுன் ஆக்கியபோது மிச்சமிருந்தது ஒரே நொடி. இதைத் துணிச்சல் என்பதா, அசட்டுத்தனம் என்பதா? பலித்ததால் தப்பினார். நடுவில் கென்டக்கியிடம் அதே நான்காவது முயற்சி சறுக்கித் தோற்றவரும் இவர்தான்.

எல்.எஸ்.யு. தோற்ற இரண்டு ஆட்டங்களுமே மூன்றாவது கூடுதல் சுற்றில் முடிந்தவை: கென்டக்கியிடம் 43-37, ஆர்கன்சாவிடம் 50-48. அறுபது நிமிட ஆட்டத்துக்குள் அந்த அணியை அந்த சீசனில் யாருமே வீழ்த்தவில்லை. 'அதிர்ஷ்டம்' என்பவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கடைசி வாரம், சந்தேகமில்லாமல், அதிர்ஷ்டம்தான். கருத்துக்கணிப்பும் கணினியும் சேர்ந்து இரண்டே அணிகளை இறுதிப் போட்டிக்குப் பொறுக்கிய பி.சி.எஸ். காலம் அது. எல்.எஸ்.யு. இருந்தது 7-ஆம் இடத்தில். டிசம்பர் 1 அன்று முதலிடத்து மிசூரி ஓக்லஹோமாவிடம் விழுந்தது. இரண்டாமிடத்து வெஸ்ட் வர்ஜீனியா, அதுவரை நான்கே ஆட்டம் ஜெயித்திருந்த பிட்ஸ்பர்கிடம் சொந்த மண்ணில் 13-9 என்று மண்ணைக் கவ்வியது. வெஸ்ட் வர்ஜீனியா குவார்ட்டர்பேக் பேட் வொயிட்டின் கட்டைவிரல் காயம், தவறிய இரண்டு ஃபீல்ட் கோல்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றே டென்னஸியை வென்று தன் மண்டலப் பட்டத்தைப் பெற்ற எல்.எஸ்.யு. இரண்டாமிடத்துக்குத் தாவியது. ஆட்டமே இல்லாமல் வீட்டிலிருந்த ஒஹாயோ ஸ்டேட் முதலிடத்துக்கு வந்தது!

நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்த இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட் 10-0 என்று முன்னிலை பெற்றது. அடுத்த 31 புள்ளிகளும் எல்.எஸ்.யு.வுக்கே. முடிவு 38-24. நியாயமாகக் கோபப்படக்கூடியவர்கள் ஜார்ஜியாக்காரர்கள்: அதே அரங்கில் ஆறு நாள் முன்பு, அதுவரை தோல்வியே காணாத ஹவாயை 41-10 என்று நொறுக்கியிருந்தார்கள். அவர்களுக்கும் தோல்வி இரண்டுதான். ஆனால் தங்கள் மண்டல இறுதிக்கே தகுதி பெறாத அணி, அந்த மண்டலத்தின் சாம்பியனான எல்.எஸ்.யு.வைத் தாண்டி எப்படி உள்ளே போகும்?