ஆறு நாளும் ஒரு வளையமும்

1987 பிப்ரவரியில் தென்வானத்துப் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததைப் பூமி பார்த்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்த அந்த வெடிப்பின் தொலைவு ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு. நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே அத்தனை ஆண்டு நடை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட கணக்கிலோ உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல். ஆறாயிரம் வயது உலகத்துக்கு இந்த ஒளி எப்படி வந்து சேர்ந்தது? ஆதியாகமத்தின் ஆறு நாளை இருபத்துநான்கு மணி நேர நாளாகவே வாசிக்கும் கிறிஸ்தவர்கள் இதற்குச் சொன்ன விடைகள் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கின்றன. அதில் பல சிந்தனைப் பள்ளிகள் உண்டு; பள்ளிகளுக்குள் வழக்கும் உண்டு.

மூத்த பள்ளியின் வேர் வானத்தில் இல்லை, தொப்புளில் இருக்கிறது. கடலுயிர்களை ஆராய்ந்த ஆங்கிலேயர் பிலிப் ஹென்றி காஸ் 1857-இல் எழுதிய நூலின் பெயர் ‘ஓம்ஃபலோஸ்’. கிரேக்கத்தில் தொப்புள் என்று பொருள். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? இருந்தது என்றார் காஸ். படைக்கப்படும் எதுவும் நடவாத ஒரு கடந்தகாலத்தின் தழும்போடுதான் வந்தாக வேண்டும். பாறையில் இருக்கும் புதைபடிவமும் அப்படித்தான் என்றார். அவருடைய நண்பரான பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லியே நூலுக்கு மதிப்புரை எழுத மறுத்துவிட்டார். கடவுள் பாறைகளில் பொய் எழுதிவைத்தார் என்று அவரால் நம்ப முடியவில்லை. இந்த மரபை எடைபோடும் முதல் அளவுகோல் இயற்பியலிலிருந்து வரவில்லை, ஒரு பாதிரியாரின் மனச்சங்கடத்திலிருந்து வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இதே வழியில் 1961-இல் அமெரிக்கர்கள் ஜான் விட்கோம்பும் ஹென்றி மோரிஸும் ‘தி ஜெனிசிஸ் ஃப்ளட்’ நூலில் விண்மீனோடு அதன் ஒளியும் பூமியைத் தொட்டபடியே படைக்கப்பட்டது என்றார்கள். 1987 வெடிப்பை இதில் உரைத்துப் பாருங்கள். அப்படியொரு வெடிப்பு நடக்கவே இல்லை, நாம் கண்டது ஒளியால் தீட்டிய படம் என்றாகிறது. கிங்ஸ்லியின் சங்கடம் பாறையை விட்டு வானத்துக்கு ஏறிவிட்டது.

அடுத்த பள்ளி ஒளியின் வேகத்திலேயே கைவைத்தது. முற்காலத்தில் ஒளி பல மடங்கு விரைந்தது, பிறகு தளர்ந்தது என்றார் ஆஸ்திரேலியர் பாரி செட்டர்ஃபீல்டு. பழைய அளவீடுகளை வரிசையாக அடுக்கினால் எண்கள் இறங்குகின்றன என்பது அவர் சான்று. ஆனால் 1862-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ அளந்த வேகம் இன்றைய மதிப்பைவிடக் குறைவு. கருவி செம்மைப்படச் செம்மைப்பட ‘தளர்ச்சி’யும் மறைந்துபோகிறது, இறங்கியது ஒளி அல்ல, அளவீட்டுப் பிழை. 1988-இல் இந்தத் தரவுகளை அலசி ‘போதாது’ என்றவர் வெளியாள் அல்லர், உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுதான் என்னும் இளம்பூமிக் கொள்கைக்கென்றே உள்ள அமெரிக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ஆர்ட்ஸ்மா. தன் வீட்டு வாதத்தைத் தானே கழித்துக்கட்டிய அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு ஐன்ஸ்டைன் உள்ளே வந்தார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். இது கற்பனை இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துவதைத் திருத்தியே நம் கைப்பேசி வழிகாட்டுகிறது. 1994-இல் இளம்பூமி இயற்பியலாளர் ரஸ்ஸல் ஹம்ப்ரீஸ் இதையே பெரிதாக்கி, பூமியில் நாட்கள் கழிகையில் தொலைவானத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தன என்றார். அழகான யோசனைதான், கணக்குத்தான் ஒத்துழைக்கவில்லை. அதைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் ஹாக்கிங்குடன் பணியாற்றிய டான் பேஜ், அவரும் விசுவாசியே.

இவற்றுள் கூர்மையானது வானியற்பியலாளர் ஜேசன் லைல் 2010-இல் முன்வைத்த வாதம். ஒளியின் வேகத்தை அளக்கும்போது உண்மையில் போய்த் திரும்பும் பயணத்தையே அளக்கிறோம். ஒருவழி வேகத்தைத் தனியே அளக்க இரண்டு இடத்துக் கடிகாரங்களை ஒத்துவைக்க வேண்டும். ஒத்துவைப்பதற்கே ஒளியின் ஒருவழி வேகம் தெரிந்திருக்க வேண்டும். இரு வழியும் சமம் என்பதை ஐன்ஸ்டைன் 1905-இல் ஒரு வரையறையாகத்தான் வைத்துக்கொண்டார். அப்படியானால் நம்மை நோக்கி வரும் ஒளி கணப்பொழுதில் வருகிறது, விலகிச் செல்வது பாதி வேகத்தில் செல்கிறது என்று வரையறுப்பதை எது தடுக்கிறது? எதுவும் தடுக்கவில்லை. இந்தக் கணக்கில் விண்மீன் வெடித்ததும் 1987-இல்தான்!

ஆனால் சென்னையில் நான்கு மணிக்கு விமானம் ஏறியவர் துபாயில் ஆறரை மணிக்கு இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரம் என்று யாரும் கணக்கிடுவதில்லை. வரையறையை மாற்றினால் தேதி மாறும், கழிந்த காலம் மாறாது. வெடித்த விண்மீனைச் சுற்றி ஒரு வாயு வளையம் இருக்கிறது. அதன் அகலத்தையும் விரியும் வேகத்தையும் வைத்துப் பார்த்தால், வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த விண்மீன் அதை உமிழ்ந்திருக்கிறது. ஒளி எந்த வேகத்தில் வந்தது என்று எப்படி வைத்துக்கொண்டாலும் அந்த இருபதாயிரம் அங்கேயே நிற்கிறது.

இந்த நெருக்கடியே இல்லாத பழைய பாதைகளும் கிறிஸ்தவத்தில் உண்டு. படைப்பு முழுதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தது, ஆறு நாள் என்பது சூரியன் அளக்கும் நாளல்ல என்று கருதினார் அகுஸ்தீன். ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814-இலேயே ஆதியாகமத்தின் முதலிரண்டு வசனங்களுக்கு நடுவே நெடுங்காலம் கிடக்கிறது என்றார். விரியும் அண்டத்தின் கணக்கை 1927-இல் எழுதிய பெல்ஜியத்துக் குரு ஜார்ஜ் லெமேத்ரே, அதை வேதத்துக்குச் சான்றாக்க விரும்பியதே இல்லை. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அப்படிப் பேசியபோது லெமேத்ரேவுக்கு அது உவப்பாக இல்லை.

2013-இல் இளம்பூமி வானியலாளர் டேனி ஃபாக்னர் மூன்றாம் நாளில் செடிகள் விரைந்து முளைத்ததுபோல ஒளியும் அற்புதமாக முளைத்து வந்தது என்றார். முளைத்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையொட்டி அதற்குத் ‘தாஷா’ என்று பெயரிட்டார். அதில் சமன்பாடு ஏதும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான அலைச்சலுக்குப் பிறகு, இயற்பியலிடம் கேட்பதை நிறுத்திக்கொண்ட பள்ளி அது.