கிட் லாக் காட்டாத வரி

கிட்டைப் பற்றிப் புதிதாக அறிமுகம் எழுத வேண்டியதில்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதினார். அந்த ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ கட்டிக் காத்து வருகிறார். வேகம், இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. எனக்கு வழக்கு அதன் ஒரே ஒரு கட்டளையோடுதான்: கிட் லாக்.

எங்கள் மென்பொருள் தோல் ஷாப்புகளுக்கு ஜாப் ஒர்க் பில் போடுவது. பொதுவான நிரல் மெயின் கிளையில். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் தனிக் கிளை. படித்தவர்கள் இதைப் பார்த்தால் திட்டுவார்கள், திட்டட்டும். ஒரு ஷாப்பில் கூலி பீஸ் கணக்கு, இன்னொன்றில் சதுர அடிக் கணக்கு; கிரஸ்ட்டுக்கு ஒரு ரேட், ஃபினிஷிங்குக்கு ஒரு ரேட். இத்தனையும், கூடவே ஜிஎஸ்டி விகிதமும், ஒரே ரேட் கோப்பில் அடுத்தடுத்த வரிகளில் உட்கார்ந்திருக்கும்.

தோல் பதனிடும் ஜாப் ஒர்க்குக்கு 2022 ஜூலை 18 அன்று ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 அன்று மறுபடியும் 5. மெயினில் ஒரு வரி சேர்த்து, எல்லாக் கிளைகளிலும் மெர்ஜ் செய்து அனுப்பினோம். அக்டோபரில் பேரணாம்பட்டிலிருந்து கணக்குப்பிள்ளை போன் செய்தார். “சார், ஆடிட்டரு அஞ்சுன்றாரு, உங்க பில்லு இன்னும் பன்னெண்டுன்னுதான் போடுது.”

மாற்றம் அந்தக் கிளைக்குப் போனதா என்று கிட்டிடம் கேட்டால், போனது என்கிறது. கோப்புப் பெயர் சொல்லாமல் லாக் எடுத்தால் அந்த கமிட் தலைப்போடு, தேதியோடு நிற்கிறது. அதே கிளையில் ரேட் கோப்பின் பெயரைக் கொடுத்து லாக் எடுத்தால் அப்படி ஒரு கமிட்டே கிடையாது. ஒரே கிளை, ஒரே கட்டளை, இரண்டு பதில். கிட் பிளேமைக் கேட்டுப் பயனில்லை. இருக்கிற வரியை யார் எழுதினார் என்றுதான் அது சொல்லும், காணாமல் போன வரிக்கு அதனிடம் பேச்சே இல்லை.

நடந்தது இதுதான். மெர்ஜின்போது ரேட் கோப்பில் முட்டிக்கொண்டது. யாரோ நம் பக்கத்தையே வைத்துக்கொள் என்று பொத்தானை அழுத்திவிட்டார். (யார் என்று மெர்ஜின் தலைப்பிலேயே இருக்கிறது, அது ஆபீசுக்குள் இருக்கட்டும்.) மெர்ஜுக்குப் பிறகு அந்தக் கோப்பு கிளையின் பழைய கோப்பைப் போலவே எழுத்துப் பிசகாமல் இருந்தது. கோப்புப் பெயரோடு லாக் கேட்டால் கிட் இத்தகைய மெர்ஜில் கோப்பு மாறாத பெற்றோரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். மற்றப் பெற்றோரின் பக்கம் எட்டியே பார்க்காது. கோளாறு என்று சொல்ல முடியாது, ஆவணத்திலேயே வரலாற்றைச் சுருக்குதல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பு இன்று இப்படி இருக்கக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் அக்டோபர் மாதம் ஆடிட்டர் கழுத்தில் கத்தி வைக்கும்போது நான் கேட்பது அந்தக் கேள்வியையா? என் மாற்றம் எங்கே போனது என்றல்லவா கேட்கிறேன்! சுருக்கியிருக்கிறேன் என்று லாக்கின் அடியில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, அந்த மெர்ஜையே நேராகப் பார்ப்போம் என்று கிட் ஷோ போட்டால் அங்கேயும் சுருக்கம். ஏதாவது ஒரு பக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகும் பகுதியை அது காட்டாது. காட்ட வேண்டியதே அதுதான்.

சப்வெர்ஷன் நாட்களை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிவிஷன் எண் வரிசையாக வரும், போனில் வாசித்துக் காட்டலாம் என்பது உண்மை. 2008-இல் 1.5 பதிப்பில்தான் எது எங்கே மெர்ஜ் ஆனது என்று குறித்து வைக்கவே அது கற்றுக்கொண்டது. நம் பக்கத்தை வைத்துக்கொண்டு மாற்றத்தை உதறினாலும், மெர்ஜ் ஆகிவிட்டது என்றே அங்கேயும் குறிப்பு இருக்கும். திரும்பிப் போக மாட்டேன்.

மருந்து கிட்டிலேயே இருக்கிறது. லாக்கோடு ஃபுல்-ஹிஸ்டரி என்று சேர்த்தால் விடுபட்ட கமிட் கோப்பின் லாக்கில் வந்துவிடும். அதற்கும் மேலே, இந்தக் கருவியின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் தணித்தது ரீமெர்ஜ்-டிஃப். எலைஜா நியூரென் எழுதிச் சேர்த்தது. பழைய மெர்ஜைத் தானே மறுபடி செய்து பார்த்து, அதற்கும் மனிதர் முடித்து வைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும். முட்டல் குறிகளுக்கு நடுவே, கழித்தல் குறியோடு, சிவப்பில், எங்கள் 5 சதவீத வரி கிடந்தது. மெர்ஜஸ் என்ற சொல்லையும் சேர்த்து எல்லாக் கிளைகளிலும் ஓட்டினேன். ராணிப்பேட்டையில் இன்னொன்று அகப்பட்டது.

ஒரு சில்லறைக் குறை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் லாக்கில் அது பின்சாய்கோடும் 340, 256 என்ற எண்களுமாக நீண்டு விழும். ஒரு எழுத்துக்குறிக்கு மூன்று எண் வீதம். கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகத் தெரியும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரீமெர்ஜ்-டிஃப் 2022 ஏப்ரலில் வந்த 2.36 பதிப்பிலிருந்துதான் உண்டு. உபுண்டு 22.04 தன்னோடு கொண்டு வருவது 2.34.1. அந்த உபுண்டுவை இன்னும் ஓட்டுகிறவர்கள் கிட் குழுவின் பிபிஏவைச் சேர்த்து, முதலில் கிட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.