நினைவுச்சின்னங்கள் கூறாதவை

கீவ் நகரையடுத்த பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டெம்பர் 29, 30ஆம் திகதிகளில் 33,771 யூதர் நாசிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1976இல் சோவியத் அரசு அங்கு நிறுவிய சின்னம் மாண்டோரைப் பிரசைகள், போர்க்கைதிகள் என்றே குறித்தது. யூதர் என்னும் சொல் அதில் இல்லை. 1991இலேயே எழுகிளை விளக்கு வடிவில் அவர்களுக்கெனத் தனிச்சின்னம் எழுந்தது.

ஆயின் ஆட்சி வீழ்ந்ததும் நினைவு முழுமையாக மீளும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வில்னியஸில் 1992இல் தோன்றிய 'இனப்படுகொலைக்கு ஆளானோர் அருங்காட்சியகம்' பெரிதும் சோவியத் கொடுமைகளையே பேசிற்று. யூதப் படுகொலைக்கென அங்கு ஒரு சிற்றறை 2011இலேயே ஒதுக்கப்பட்டது. லித்துவேனியர் தாம் பட்ட துன்பத்தை உரத்துக் கூறினர். அயலவரைக் கொல்வதில் தம்மவர் சிலர் கொண்ட பங்கைக் கூறத் தயங்கினர்.

மட்டக்களப்பு வாவிக்கரை வாசகனுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அழிவின் அளவை ஈண்டு ஒப்பிடவில்லை. நினைவுகூரும் முறையையே நோக்குகின்றோம். 1990 செப்டெம்பர் 5இல் எமது வந்தாறுமூலை வளாக அகதிமுகாமிலிருந்து இராணுவத்தினர் 158 பேரைக் கொண்டுசென்றனர். 9இல் சத்துருக்கொண்டான் படுகொலை நிகழ்ந்தது. இவற்றை நாம் நினைவுகூருகின்றோம். அது எமது உரிமை. அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் மறுத்தனர். உயிர்தப்பியோர் அவர்களையே சுட்டினர். 2007இல் கிழக்கில் அவர்தம் ஆதிக்கம் முடிவுற்றது. அச்சம் நீங்கிய பின்னரும் எமது மேடைகளில் அத்திகதி அரிதாகவே ஒலிக்கின்றது. பள்ளிவாசற் சுவரில் குண்டுத்துளைகளை இன்றும் பேணி வைத்திருக்கின்றனர். வந்தாறுமூலையிலிருந்து அங்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர்.