சிரிப்புக்குப் பயந்த இராவணன்

எனக்குக் கூத்து விசர். அளந்து பாராட்ட வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ் மேடை கண்ட துன்பியல் நாயகர்களில் ‘இராவணேசன்’ இராவணனுக்குக் கிட்ட நிற்க ஆளில்லை. மறுப்பவர்கள் அந்தக் கூத்தை ஒருதரமாவது நேரில் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை பிடிக்கட்டும்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்த வேலை அது. மட்டக்களப்புக் கிராமங்களில் விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய வடமோடிக் கூத்தை, ஆட்டமும் தாளமும் கெடாமல், படச்சட்ட மேடைக்கு உரிய அளவில் சுருக்கிக் கொண்டுவந்தார். அன்று இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. பல ஆண்டுகள் கழித்து அதே கூத்தைப் புதுக்கி, மண்டோதரிக்கு இன்னும் இடம் கொடுத்து, மட்டக்களப்பு மாணவர்களைக் கொண்டு அவர் ஆடவைத்தார். நான் மயங்கிப்போனது இந்தப் பிந்திய வடிவத்தில்.

அதில் இராவணனின் வரவை எப்படி எழுத்தில் சொல்வது! மத்தளம் அதிர, சல்லரி அதற்கு மேலே கலகலக்க, சதங்கைக் காலால் மேடையை உதைத்துக்கொண்டு வருகிறான் மன்னன். வடமோடியில் அரசன் நடந்து வருவதில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். தோள் ஏறி நிற்கும், நெஞ்சு முன்னே வரும், சுழன்று அடிக்கும்போது முழு மேடையும் அவனுடையது. இந்த உடம்புக்கு எங்கே பயம் வரும் என்று நினைத்திருந்தேன். போர்க்களத்திலிருந்து திரும்பும் இராவணனைப் பார்த்தபோதுதான் விளங்கியது. தாளம் அதே தாளம். கால் மட்டும் அதை முழுதாக எடுக்க மறுக்கிறது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் என் கையைத் தட்டி, “தம்பி, மனுசனுக்கு வெக்கம் தாங்கேலாமக் கிடக்கு, பாரும்” என்றார். விமர்சகர்கள் எழுதிய கட்டுரைகளைவிட அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கிலிருந்தும் அது பிறக்கும் என்கிறார். நாலையும் இராவணனுக்குப் பொருத்திப் பாருங்கள். அணங்கா? தேவர்களை ஏவல் கொண்டவன் அவன். விலங்கா? குரங்குப் படையென்று இகழ்ந்தவன். கள்வரா? அடுத்தவன் மனைவியைக் கவர்ந்து வந்த கள்வனே அவன்தான்! இறையா? அவனுக்கு மேலே அரசன் யார்? பிறகு அந்தக் கால் ஏன் தடுமாறியது? விடை அச்சத்தின் பட்டியலில் இல்லை, நகையின் பட்டியலில் இருக்கிறது: எள்ளல். சாவுக்குப் பயப்படாதவன் பிறர் சிரிப்புக்குப் பயந்தான்.

கம்பன் இதை நன்றாகப் பிடித்திருக்கிறான். முதல்நாள் போரில் நிராயுதபாணியாக நின்றவனை இராமன் கொல்லாமல் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புகிறான். திரும்பி வந்தவன் வானவர் சிரிப்பதையோ மண்ணவர் சிரிப்பதையோ பொருட்படுத்தவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் குன்றிப்போகிறான். அந்த இடத்திலிருந்து கதை வேறு. சீதையை விட்டுவிட்டால் முடிந்தது. தம்பி சொன்னான், மகன் சொன்னான். ஆனால் விட்டால் சிரிப்பார்கள். அதனால் கும்பகர்ணன் போகிறான், இந்திரசித்து போகிறான். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு பின்வாங்குவது முன்னையிலும் வெட்கக்கேடாகிறது. சூதில் தோற்றவன் விட்டதைப் பிடிக்க மேலும் மேலும் வைப்பதுபோலத்தான் அவன் உறவுகளை வைக்கிறான்.

இன்னொரு இடம், என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்திரசித்தைப் பறிகொடுத்த வெறியில் சீதையை வெட்ட வாளோடு ஓடுகிறான் இராவணன். அமைச்சன் மகோதரன் தடுக்கிறான். எப்படி? பாவம், நரகம் என்று எதையும் காட்டவில்லை. ஒரு பெண்ணைக் கொன்றால் சிவனும் திருமாலும் பிரமனும் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்கிறான். அவ்வளவுதான், இராவணன் நின்றுவிடுகிறான்! அவன் குலத்தை அழித்த அதே பயம் சீதையைக் காப்பாற்றுகிறது. இப்படி ஒரு முடிச்சைப் போட கம்பனுக்குத்தான் கை வரும்.

மக்பெத்தும் பயத்தால் கெட்டவன்தான். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர், 1926இல் வந்த ‘மதங்க சூளாமணி’யில் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து மெய்ப்பாட்டோடு பொருத்திக் காட்டினார்; அவற்றில் மக்பெத்தும் உண்டு. மக்பெத்துக்குப் பயம் ஆவியாக வந்து விருந்து மேசையில் உட்காருகிறது. நம் ஆளுக்கு ஆவி தேவைப்படவில்லை. அசோகவனத்தில் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தாலே போதும்.

நான் இவ்வளவு உருகுவதற்கு ஊர்ப்பாசமும் காரணம், ஒத்துக்கொள்கிறேன். திருகோணமலைக்காரருக்கு இராவணன் பத்துத்தலை அரக்கன் மட்டுமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பாறை பிளந்து கடல்வரை இறங்கும் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். தாய் வணங்கவென்று மலையைப் பெயர்க்கப் பார்த்தபோது வாள் பட்ட இடம் என்பது ஐதீகம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும், தாய்க்குக் கடன் கழிக்க அவன் வாளால் குத்தியதில் ஊறியவை என்பார்கள். எங்கள் சனமும் அங்கே அந்தியேட்டி செய்து வந்தது. கயிலையைத் தூக்கப் போய் அதன் கீழ் நசுங்கி அலறியவனைச் சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் நினைவுபடுத்துகிறார். ஊர் உலகம் பார்க்க ஒருதரம் நசுங்கியவன் இன்னொருதரம் சிரிப்புக்கு ஆளாக எப்படிச் சம்மதிப்பான்? இது என் வாசிப்பு, பண்டிதர்கள் மன்னிக்கட்டும்.

ஒரேயொரு மனக்குறை. மண்டபத்துக்குள் சுருங்கிய கூத்தில், ஆடுபவனைச் சனம் நாலு பக்கமும் சூழ்ந்திருக்கும் நெருக்கம் போய்விடுகிறது. ஏளனத்துக்குப் பயந்தவன் ஒளிய மூலையில்லாத வட்டத்துக்குள் நின்றல்லவா ஆடவேண்டும்! பிரட்ரிக் கோட்டை வாசலுக்குக் கிட்ட, கடற்கரை மணலில் களரி போட்டு, மைக் இல்லாமல், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலோடும் மத்தளத்தோடும் யாராவது இதை ஆடவேண்டும். விடியவிடிய ஆடினாலும் சரி, தேத்தண்ணிச் செலவு என்னுடையது.